அக்காவுக்குப் போத்தின வெள்ளைப் போர்வை

1

ஊர்ல இருந்து யார் போன் பண்ணாலும் கேக்கற முதல் கேள்வி, "ரிடையர் ஆயிட்டியே, பொழுது எப்படிப்பா போவுது?" தையல் போடறேன்னு சொல்லுவேன். உடனே, "தையல்னா மிஷின்லயா?" இல்லப்பா, கையாலதான். ஊசி, நூலு, பூ வேலை. "கண்ணு தெரியுதா?" நல்லாத் தெரியுது. "ஊட்ல அண்ணி ஒண்ணும் சொல்லலியா?" அண்ணி வேலைக்குப் போயிருக்கா, அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு. அவ வர்றதுக்குள்ள நான் சாம்பார் வெச்சு, பாத்திரம் கழுவி, ஒரு வரிசையும் போட்டு முடிச்சிருப்பேன். இதுல என்ன கேவலம் இருக்கு, சொல்லுங்க.

என் பேர் ஏகாம்பரம். வயசு அறுபத்தேழு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கம்பி உருட்டற மில்லுல ஃபிட்டரா இருந்தவன். ஷிப்டு முடிஞ்சு மூக்கைச் சிந்தினா கறுப்பா வரும், அப்படி ஒரு இடம். அங்கேருந்து மஸ்கட், மஸ்கட்லருந்து கனடா. வினிபெக்னு ஒரு ஊரு. ஜன்னல் செய்யற ஃபாக்டரியில கடைசி வரைக்கும் வேலை பாத்தேன். போன வருஷம் ஒரு கேக்கு வெட்டி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில குடுத்து அனுப்பி வெச்சாங்க. இனிமே நேரத்துக்கு எங்கேயும் போக வேண்டியதில்லைன்னு ஆனவனுக்கு எதுக்குய்யா கடிகாரம்? யாரும் யோசிக்கல.

வினிபெக் குளிரைப் பத்தி நான் சொன்னா ஊர்ல நம்ப மாட்டாங்க, அதனால விட்டுடறேன். ரிடையர் ஆன முதல் மாசம் முழுக்க சோபாவுலதான் கெடந்தேன். ஒருநாள் என் சம்சாரம் கலா வேலைக்குக் கிளம்பிக்கினே சொன்னா: "இப்படியே டிவியப் பாத்துக்கினு இருந்தீங்கன்னா, சோபாவத் தூக்கிப் போடற அன்னைக்கு உங்களையும் சேத்துத்தான் போடணும்." ரோஷம் வந்துடுச்சு. கோட்டை மாட்டிக்கிட்டு தெருக்கோடி லைப்ரரிக்குப் போனேன். பேப்பர் படிக்கத்தான் போனேன், சத்தியமா. அங்க ஒரு பெரிய மேஜையைச் சுத்தி ஏழெட்டுப் பொம்பளைங்க உக்காந்து துணியும் நூலுமா இருந்தாங்க. ஹீட்டர் அந்த மேஜைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் அதுக்காகத்தான் அங்க உக்காந்தேன். இப்ப அந்தக் கும்பல்ல நான்தான் ரொம்பப் பேசற ஆளு.

2

அங்க எனக்குக் கத்துக்குடுத்தது மார்கரெட். எண்பது வயசு, ஒரு காலத்துல சிட்டி பஸ் ஓட்டினவங்க. அவங்க போட்டுக்கிட்டிருந்த வேலைக்குப் பேரு ஸ்வீடிஷ் வீவிங். ஸ்வீடனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். "எனக்கும் தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது"ன்னாங்க. பேர்ல நெசவு இருக்கே தவிர தறியெல்லாம் கிடையாது. கெட்டியான பருத்தித் துணி ஒண்ணு, சந்தன வெள்ளையில இருக்கும். அதுல மேல்பக்கம் ரெண்டு ரெண்டு இழையா கொஞ்சம் தூக்கி நிக்கும். முனை மழுங்கின பெரிய ஊசியில கம்பளி நூலைக் கோத்து, அந்தத் தூக்கி நிக்கற இழைக்கு அடியில நுழைச்சு நுழைச்சு இழுத்துக்கிட்டே போகணும். துணியை ஊசி குத்தவே குத்தாது. ஏறி இறங்கி, வளைஞ்சு திரும்பி, மேல பூவும் கோலமுமா வரும். திருப்பிப் பாத்தா பின்பக்கம் சுத்தமா இருக்கும். ஒரு பொட்டு நூல் தெரியாது.

எனக்கு இது புடிச்சுப் போனதுக்குக் காரணம் வேற. இந்த வேலையை ஓரத்துல இருந்து ஆரம்பிக்கக் கூடாது. துணியை ரெண்டா மடிச்சு நடு இழையைக் கண்டுபுடிக்கணும். நீள நூலை எடுத்து, அதோட பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம்னு விட்டு, நடுவுல இருந்து இடது பக்கம் போய் முடிச்சுட்டு, துணியைத் திருப்பி வெச்சு மத்த பாதியைப் போடணும். நடுவுல ஒரு இழை தப்பினா வரிசை மொத்தமும் கோணல். மில்லுல நாங்க சென்டர் எடுக்காம எந்த ஷாஃப்டையும் தொட மாட்டோம். மார்கரெட் முதல் நாள் "நடுவைக் கண்டுபிடி"ன்னு சொன்னப்பவே, அட, இது நம்ம வேலையாச்சேன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் விடல. குரோஷா கத்துக்கிட்டேன். கிராஸ் ஸ்டிச் போட்டேன், ஆனா அது எனக்கு ஒத்து வரல, பின்பக்கம் பாத்தா கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. கிழிஞ்ச சாக்ஸை இழை ஓட்டி அடைக்கறதுல இப்ப நான் கில்லாடி. தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க அவங்க சாக்ஸைக் கொண்டாந்து குடுக்கறாங்க. நல்லா வருது, அதனால நல்லா வருதுன்னு சொல்லிக்கறேன். என் கை வேலையைப் பத்தி நான் அடக்கமாப் பேசறதே இல்ல.

எங்க பொண்ணு நித்யா டொராண்டோவுல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. நாங்க தமிழ்ல பேசுவோம், அவ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா, நடுநடுவுல ஒரு "ம்" மட்டும் தமிழ்ல வரும். நான் தையல் போடற போட்டோவை அவ ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் அனுப்பினாளாம். எல்லாரும் க்யூட்னு சொன்னாங்களாம். "அப்பா, எனக்கு ஒண்ணு செஞ்சு தர்றியா?"ன்னு கேட்டா. எனக்குத் தலைகால் புரியல. என்ன கலர் வேணும்னு நான் கேட்டதுக்கு, "அது நாய்க்குப்பா, பழுப்பு நல்லாருக்கும்"ன்னா. செஞ்சு குடுத்தேன். நாயாவது அதுமேல படுத்துக்குதேன்னு ஆறுதல். கலாகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சேன், ஆனா உள்ள சுருக்குன்னுதான் இருந்துச்சு.

3

எனக்கு ஒரே அக்கா. பேரு சரோஜா. கவரப்பேட்டையில வாக்கப்பட்டவ. எங்க நைனா ஊரான் நெலத்துல நாத்து நட்டு அறுப்பு அறுத்தவர். அந்தக் குடும்பத்துல முதல் முதலா கம்பெனி கேட்டுக்குள்ள போனது நான் இல்ல, அக்காதான். சிப்காட்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல சப்பாத்தி தேய்க்கற வேலை. நூறு ஆம்பளைங்க வரிசையில நின்னாலும், "தட்ட நேராப் புடிய்யா"ன்னு ஒரு அதட்டல் போட்டா வரிசையே நேராயிடும். அவ்ளோ தெம்பு.

அந்த அக்கா போன வருஷத்துல இருந்து நாலு எட்டு நடந்தா நின்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சா. இதயத்துல வால்வு கெட்டுப் போயிருக்கு, ஆபரேஷன் பண்ணி மாத்தணும், தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அக்கா மகன் குமார், சிப்காட்ல ஷிப்டு வேலை பாக்கறவன், லீவு போட்டு லீவு போட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சான். காப்பீட்டுக்கு ஒரு கையெழுத்து, அதுக்கு ஒரு சான்று, அந்தச் சான்றுக்கு இன்னொரு கையெழுத்துன்னு மாசக்கணக்கா இழுத்துச்சு. அது எல்லாத்தையும் விட அக்காவைச் சம்மதிக்க வெச்சதுதான் பெரும்பாடு. "நெஞ்சப் பொளந்து பாப்பானாம், நான் இன்னா பலாப்பழமா?"ன்னு கேட்டவ அவ. பரிசோதனைக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கு வீடியோவுல என்கிட்ட சொன்னா: "டேய் ஏகா, ஆபரேசன் கூட தாங்கிக்குவேன்டா. அந்த ஏசியப் போட்டுக் கொல்றானுங்க பாரு, அதான் பேஜாரு."

அன்னைக்கே முடிவு பண்ணேன். அக்காவுக்கு ஒரு போர்வை. என் கையாலயே.

இதுவரைக்கும் நான் போட்டதுலயே பெரிய துணி அது. ஓரம் அடிச்சு, துவைச்சு, சுருங்க விட்டு, நடு எடுத்தேன். நூல் கலருக்கு நாலு நாள் யோசிச்சேன். சிவப்பு வெச்சா கண்ணைக் குத்தும், நீலம் எல்லாரும் போடறது. கடைசியில துணி என்ன நெறமோ அதே சந்தன வெள்ளையிலயே நூல் எடுத்தேன். தூரத்துல இருந்து பாத்தா வெறும் துணி. கிட்ட வந்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத்தான் வேலைப்பாடு தெரியும். மார்கரெட், "ஒரு ஓரத்துலயாவது கலர் சேர்க்கலாமே"ன்னு கேட்டாங்க. மாட்டேன்னுட்டேன். தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சா போதும்னு ஒரு திமிர். கலாவும் பாத்தா. "வெள்ளையா இருக்கே, சீக்கிரம் அழுக்காகும்"னு மட்டும் சொன்னா. பனி விழ ஆரம்பிச்சப்ப எடுத்த ஊசியை பனி கரையறப்பதான் கீழ வெச்சேன்.

கனடா பாஸ்போர்ட்காரன் ஆயிட்டதால, விசா இல்லாம இந்தியா போறதுக்கான கார்டை வேற புதுப்பிக்க வேண்டியிருந்துச்சு. போட்டோவுல காது சரியாத் தெரியலன்னு அந்த வெப்சைட் திருப்பித் திருப்பி அனுப்புது. இருக்கற காதைத்தானே காட்ட முடியும்? பொறந்த ஊருக்குப் போக காதை இழுத்துப் புடிச்சுக்கிட்டு போட்டோ எடுத்தவன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஒரு வழியா மெட்ராஸ் ஏர்போர்ட்ல வந்து எறங்கினா, பெட்டியைத் தொறக்கச் சொன்ன ஆபீசர் ஊசியைத் தூக்கிப் பாத்து, "இன்னா சார் இது, கோணி ஊசி? நெல்லு மூட்டை தைக்கப் போறீங்களா?"ன்னார். போர்வையை எடுத்து விரிச்சுக் காட்டினேன். "சூப்பரா கீது சார்"னு சொல்லி அவரே மடிச்சு வெச்சார். எனக்கு இன்னும் ஒரு சுத்து பெருமை ஏறிப்போச்சு.

4

கவரப்பேட்டையில அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தப்ப மத்தியானம். ஆஸ்பத்திரியில சேர மூணு நாள்தான் பாக்கி. சிப்காட்டுக்குப் போற லாரிங்க ரோட்டை அதிர அடிச்சுக்கிட்டுப் போவுது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து தூங்கி வழியறார். உள்ள கட்டில்ல அக்கா மூணு தலகாணி வெச்சு சாஞ்சு கண்ணை மூடியிருக்கா. பாதி ஆளாயிட்டா.

எழுப்ப மனசு வரல. பெட்டியைத் தொறந்து போர்வையை எடுத்தேன். கண்ணு முழிச்சுப் பாக்கறப்ப மேல இருக்கணும், அதுதான் எண்ணம். கால்ல இருந்து ஆரம்பிச்சு சுருக்கம் இல்லாம இழுத்து, கழுத்து வரைக்கும் போத்தினேன். ரெண்டு எட்டு பின்னால வந்து, கால்மாட்டுல கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாத்தேன்.

அந்த நேரம் பாத்து மாமாவோட அக்கா தனபாக்கியம் ரசம் எடுத்துக்கிட்டு உள்ள வந்தாங்க. வந்தவங்க போட்ட சத்தத்துல தெருவே திரும்பிச்சு.

"அய்யய்யோ! இன்னா காரியம்டா பண்ணிட்ட! உசுரோட கீறவளுக்குக் கோடி போத்திட்டியே!"

அப்பத்தான் எனக்கே கண்ணு தொறந்துச்சு. பொறந்த வீட்டுக் கோடி. ஒரு பொம்பளை செத்தா, கூடப் பொறந்தவன் புதுத்துணி எடுத்துட்டு வந்து அவ மேல போத்தணும். அதுக்காகவே காத்திருப்பாங்க, அது வராம பாடையைத் தூக்க மாட்டாங்க. நான் என்ன பண்ணிட்டேன்? படுத்துக் கெடக்கறவ மேல, கால்ல இருந்து கழுத்து வரைக்கும், மஞ்சள் கூட வைக்காத புது வெள்ளைத் துணியை, பொறந்த வீட்டு ஆம்பளையா வந்து போத்தியிருக்கேன். சுமங்கலிக்குக் கோடின்னா கலர் சேலைதான், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல யார் அந்த ஆராய்ச்சி பண்றது?

மாமா ஓடி வந்தார். பாத்தார். அவருக்கு வேற கவலை. "யக்கா, வெள்ளைன்னா அது எனக்குத்தானே அர்த்தம்? அவ வெள்ளை போத்தணும்னா நான் பூட்டிருக்கணும்ல? இன்னா மச்சான், இப்படிப் பண்ணிட்ட?"

"நீ கம்முனு கெட. போத்துனது அவ மேல. அவளுக்குத்தான்."

"எப்படி அவளுக்கு? கலர் இல்லியே!"

யாருக்குச் சாவுன்னு ரெண்டு பேரும் நின்னு சண்டை போடறாங்க. அக்கா முழிச்சுக்கிட்டா. என் மூஞ்சையே பாத்தா. போர்வை மேல கையை ஒரு தடவை ஓட்டினா. அப்புறம் அதை எடுத்து, மடிச்சு, என் கையில குடுத்துட்டு செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

கலாவுக்குப் போன் போட்டேன். "அய்யோ, எனக்கும் தோணலியேங்க, மாசக்கணக்கா கண்ணு முன்னாடியே இருந்துச்சே"ன்னு அழுதா. அவளும் பொன்னேரிப் பக்கத்துக்காரிதான். ரெண்டு பேருக்குமே தோணல. வெளிநாடு போனா பாஷை மறந்துடும், ருசி மறந்துடும்னு சொல்றாங்க. ரெண்டும் எனக்கு மறக்கல. எதைப் பாத்தா நம்ம ஜனம் பயப்படும்ங்கறதுதான் மறந்துபோச்சு.

5

மறுநாள் காலையில நாஷ்டா தட்டை நகர்த்தி வெச்சுட்டு அக்கா சொன்னா: "நான் ஆஸ்பத்திரிக்கு வரல."

குமாருக்கு முகமே செத்துப்போச்சு. "யம்மா, இந்தத் தேதிய உட்டா மறுபடியும் மொதல்லருந்து அலையணும்மா. அதுக்குள்ள உனக்கு எதுனா ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும். ஊட்லயே ஆவட்டும்."

தனபாக்கியம் அண்ணி, சகுனம் சரியில்ல, ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்றாங்க. ஒரு மாசம் தாங்குமான்னு டாக்டருக்குத்தான் தெரியும், இனிமே தாங்காதுன்னு அவர் ஏற்கெனவே சொல்லிட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன். இப்ப மஞ்சள் வெச்சா போதாதான்னு கேட்டேன். "போத்துனதுக்கு அப்பால மஞ்சளா?"ன்னு அண்ணி ஒரே போடு போட்டாங்க. மாமா கோயிலுக்குப் போய் கேட்டுட்டு வர்றேன்னு சைக்கிளை எடுத்தார். குமார் பைக்கைத் துடைச்ச இடத்தையே துடைச்சுக்கிட்டிருந்தான். என் அக்கா செத்துப் போயிடுவா, என் போர்வையாலயே செத்துப் போயிடுவா. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கல.

சாயங்காலம் ஆத்திரம் தாங்காம போர்வையை எடுத்துக்கிட்டு அக்கா படுத்திருக்கற ரூம் வாசல்ல உக்காந்தேன். ஒரு நூல் முனையைப் புடிச்சு இழுக்க ஆரம்பிச்சேன். இந்த வேலையில அது ஒரு வசதி. குத்தாம போட்டதால, இழுத்தா வழுக்கிக்கிட்டு வந்துடும், துணியில ஒரு ஓட்டை இருக்காது. ஒரு வரிசை முழுசா வந்துடுச்சு. ரெண்டாவதுல கை வெச்சேன்.

"ஏகா, இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"பிரிக்கிறேன்."

"இன்னாத்துக்கு?"

"வெறும் துணியாக்கி மாமாவுக்கு வேட்டியாக் குடுத்துடறேன்."

"அந்தக் கனத்துக்கு அந்தாளு கட்டினா நடந்த மாதிரிதான். எடுத்தா இங்க."

எடுத்துட்டுப் போனேன். ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா. விரலால பூவைத் தொட்டா. பின்பக்கம் திருப்பினா, மறுபடியும் முன்பக்கம் திருப்பினா. "பின்னாடி ஒண்ணுமே காணோம்?"னு கேட்டா. எப்படின்னு சொன்னேன். கட்டில் ஓரத்துல உக்காரச் சொன்னா.

"ஒண்ணு கேப்பேன், நெசத்தச் சொல்லணும். நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டரு உன்கிட்ட சொன்னாரா?"

"டாக்டரை நான் பாத்ததே இல்லியே."

"அப்ப குமாரு சொன்னானா? நெசத்தச் சொல்லுடா. தனம் கத்துனதுக்கா நான் பயந்தேன்? அவ பூனை குறுக்க வந்தாலும் கத்துவா. நான் உன் மூஞ்சியப் பாத்தேன். போத்திட்டு கால்மாட்டுல கையக் கட்டிக்கினு நின்னுக்கினு இருந்த பாரு, அதப் பாத்துதான் பயந்தேன். நைனா பூட்டப்ப நீ வந்து சேர்ந்தது எல்லாம் முடிஞ்சப்புறம். அம்மாவுக்கும் அப்படித்தான். எனக்கும் நேரத்துக்கு வந்து சேர முடியாதுன்னு தெரிஞ்சிக்கினு, இப்பவே எடுத்தாந்து போத்திட்டுப் போறானோன்னு நெனச்சேன்டா."

எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. எப்படியெல்லாம் யோசிச்சிருக்கா பாருங்க. அவ்ளோ தூரம் எனக்கு யோசிக்கத் தெரியாதே! இருந்த நெசத்தைச் சொன்னேன்.

"யக்கா, சத்தியமாச் சொல்றேன். நான் உன்னப் பாக்கவே இல்ல. என் வேலைப்பாட்டப் பாத்து நானே மெச்சிக்கினு நின்னேன்."

"இன்னாது?"

"ஓரம் நேரா வந்துகீதா, நடுப்பூ நடுவுல உழுந்துகீதான்னு பாத்துக்கினு இருந்தேன்."

அக்கா என்னை உத்துப் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. மூச்சு வாங்குது, இருமல் வருது, நெஞ்சைப் புடிச்சுக்கிறா, நிறுத்த முடியல. "அடப்பாவி! நான் சாவறேன்னு கெடக்கறேன், நீ ஓரம் பாத்துக்கினு இருந்தியா!" பயந்துபோய் எல்லாரும் ஓடி வந்தாங்க. கொஞ்சம் மூச்சு திரும்பினதும் போர்வையைத் தோள்ல இழுத்துப் போட்டுக்கிட்டு அவங்களைப் பாத்துச் சொன்னா:

"எல்லாம் நல்லாக் கேட்டுக்கோங்க. எந்தப் பொம்பளையாச்சும் தன் பொறந்த ஊட்டுக் கோடியத் தன் கண்ணால பாத்துகீறாளா? நான் பாத்துட்டேன். தொட்டும் பாத்துட்டேன். நல்லாத்தான் போட்டுகீறான். இனிமே எமனே வந்தாலும் புதுசா இன்னாத்த எடுத்தாந்து என்னப் பயங்காட்டுவான்? குமாரு, நாளன்னிக்கு வண்டி சொல்லிடு."

தனபாக்கியம் அண்ணிக்கு என்ன தோணுச்சோ, உள்ள போய் மஞ்சளைக் கொழைச்சு எடுத்துட்டு வந்து நாலு மூலையிலயும் தாராளமாவே தடவினாங்க. சந்தன வெள்ளையில மஞ்சள் பட்டு என் டிசைன் கெட்டுப்போச்சுதான். நான் வாயே தொறக்கல. மாமா மட்டும் என்னைத் தனியாக் கூப்ட்டு, "மச்சான், எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவியா? நல்லா அடிக்கற கலர்ல"ன்னு கேட்டார்.

6

ஆபரேஷன் அன்னைக்கு வெளியில காத்திருக்கற ஹால்ல உக்காந்து, நான் பிரிச்சுட்ட வரிசையைத் திரும்பப் போட்டேன். கும்மிடிப்பூண்டி பஜார்ல ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கின மஞ்சள் கம்பளி நூல். பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க. "இன்னா சார் போடறீங்க?"ன்னு ஒரு வாட்ச்மேன் வந்து கேட்டார். அக்காவுக்குன்னு சொன்னேன். இத்தனை நாள்ல எனக்கு எண்ணிக்கை தப்பினதே இல்ல, அன்னைக்கு நடுவையே தப்பா எடுத்தேன். பிரிச்சேன், போட்டேன், மறுபடியும் பிரிச்சேன். குமார் பக்கத்துல உக்காந்து நூலு சிக்காம புடிச்சுக்கிட்டான். டாக்டர் வெளிய வந்து நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னப்ப வரிசை பாதியில நின்னுச்சு. அதை எப்ப முடிச்சேன்னு இப்ப எனக்கு ஞாபகமே இல்ல.

வார்டுக்கு மாத்தினப்புறம் போர்வையை உள்ள விட்டாங்க. அக்கா அதை இடுப்பு வரைக்கும் போத்திக்கிட்டு, பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட, "என் தம்பி போட்டது, கனடாவுல"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா. குரல் கம்மிப் போயிருந்துச்சு, ஆனா அதட்டல் திரும்பி வந்துடுச்சு. நர்ஸ் பொண்ணையே, "ஊசிய நேராப் புடிம்மா"ன்னு சொல்றாளாம்.

நான் கிளம்பற நாள் வந்துச்சு. அக்காகிட்ட சொல்லிட்டு வரலாம்னு போனேன். என்ன பேசறதுன்னு தெரியாம, "ஒடம்பப் பாத்துக்கோக்கா, எதுனா ஒண்ணுன்னா உடனே போன் பண்ணச் சொல்லு, ஓடி வந்துடறேன்"ன்னேன். எல்லா வெளிநாட்டுக்காரனும் சொல்ற டயலாக்தான்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினா.

"ஏகா, இத நல்லாக் கேட்டுக்கோ. நான் செத்தா நீ வராத."

"இன்னாக்கா பேசற!"

"பேச உடு. நீ பண்ண வேண்டிய மொறைய எப்பவோ பண்ணிட்ட. கோடி எங்கிட்டயே கீது. அந்த நாள் வந்தா குமாரு எடுத்துப் போத்துவான். அதுக்காக நீ அடிச்சிக்கினு, கெடைச்ச ப்ளைட்ட புடிச்சிக்கினு, அழுதுக்கினு வராத. வந்து இன்னா பண்ணுவ, என் மூஞ்சியக் கூடப் பாக்க முடியாது. நான் இருக்கச்சொல்ல வா. ஒண்ணும் இல்லாதப்ப வா. சும்மா வா. ரெண்டு பேரும் உக்காந்து துன்னுட்டு, பேசிக்கினு இருக்கலாம்."

விமானத்துல வர்ற வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தேன். இத்தனை வருஷத்துல நான் ஊருக்குப் போனது எல்லாம் சாவுக்கு, கல்யாணத்துக்கு, காரியத்துக்கு, இப்ப ஆபரேஷனுக்கு. சும்மா போனது ஒரு தடவை கூட இல்ல.

வர்ற தை மாசத்துக்கு எனக்கும் கலாவுக்கும் டிக்கெட் போட்டாச்சு. லீவு ஃபார்ம்ல என்ன காரணம் எழுதறதுன்னு கலா கேட்டா. ஒரு காரணமும் இல்லைன்னு எழுதுடின்னு சொல்லியிருக்கேன்.